நாயும் பூனையும் உள்ள வீட்டில் மீட்பு நாய்க்குத் தற்காலிக இடம் கொடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அடிபட்டோ, தாயை இழந்தோ, வளர்த்தவர்களால் கைவிடப்பட்டோ தெருவிலிருந்து மீட்கப்படும் ஒரு நாயை, அதற்கு நிரந்தர வீடு அமையும் வரை நம் வீட்டில் வைத்துப் பராமரிப்பதை ஃபாஸ்டர் என்கிறோம். காப்பகங்களில் நெரிசல் மிகுதி என்பதால், தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு ஒரு வீட்டின் மூலை காப்பகத்தைவிடப் பாதுகாப்பானது. ஆனால், இதைச் செய்ய முன்வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நாயோ பூனையோ வளர்ப்பவர்கள்தான். எங்கள் சென்னை வீட்டிலும் மூன்று நாய்களும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன். புதிதாக வரும் நாய்க்கு நீங்கள் செய்யும் முதல் உதவி அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்வதன்று. இரண்டு வாரம் ஒரு கதவை மூடி வைப்பதே. மற்ற எல்லாப் படிகளும் இதைச் சுற்றியே அமைகின்றன.

படி 1: அந்த நாய்க்கு வீடு தேவையா என்று பாருங்கள்

தெருவில் காணும் எல்லா நாயும் மீட்கப்பட வேண்டியதில்லை. காதில் சிறிய வெட்டுக்குறியுடன், உடல் தேறி, தன் தெருவில் சோறு போடுபவர்களை அறிந்து திரியும் வளர்ந்த நாய் ஏற்கெனவே கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் பெற்ற நாய். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும் அத்தகைய நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. அதை அடுக்குமாடி வீட்டுக்குள் அடைத்தால் அது நன்மையாக இராது. தாயற்ற குட்டிகள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வு தேவைப்படுபவை, கண் தெரியாதவை, வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்டுத் திகைத்து நிற்பவை ஆகியவற்றுக்கே நம் அறையை ஒதுக்கி வைக்க வேண்டும்.

படி 2: பொறுப்புகளை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்

மீட்டவர் தனி நபராக இருந்தாலும் அமைப்பாக இருந்தாலும், மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் நாய் வாந்தி எடுத்தால் யாரை அழைப்பது, தத்து எடுப்பவரைத் தேடும் வேலை யாருடையது, உங்கள் வீட்டு நாயுடன் ஒத்துப்போகாவிட்டால் எத்தனை நாளில் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்ற நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பிறகு தொலைபேசியை எடுக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தச் சுமை முழுவதும் கடைசியில் நாயின் மேல்தான் விழும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும், வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 3: வீட்டில் இருப்பவற்றை முதலில் காப்பாற்றுங்கள்

புதிய நாய் வருவதற்கு முன், உங்கள் நாய்களின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), டிஸ்டெம்பர் (மூச்சுமண்டலத்தையும் நரம்புகளையும் தாக்கும் வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பூனைகளுக்கும் அவற்றுக்கான தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் தேவை. பூனை வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்பது இனி காரணமாகாது, ஏனெனில் இப்போது வெளியுலகமே வீட்டுக்குள் வரப்போகிறது. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது என்பதால், பாக்கி இருந்தால் அதை முடித்துச் சில வாரம் கழித்தே ஃபாஸ்டருக்கு ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தாலோ, முதிர்ந்து நோயுற்ற நாய் இருந்தாலோ, இப்போதைக்கு மறுத்துவிடுவதே சரி.

தொடர்ந்து நாய்களை ஏற்கப் போகிறீர்கள் என்றால், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: தனி அறையைத் தயார் செய்யுங்கள்

கதவு மூடக்கூடிய, தரையைக் கழுவக்கூடிய அறை வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் பயன்படுத்தாத குளியலறையோ கம்பிவலை அடித்த பால்கனியோ போதும். ஆனால் உச்சி வெயில் விழும் பால்கனி கூடாது. துணி உறை போட்ட மெத்தையையும் தரைவிரிப்பையும் அப்புறப்படுத்திவிட்டு, பிறகு வீசி எறியத் தக்க பழைய போர்வைகளைப் போடுங்கள். தட்டு, தண்ணீர்க் கிண்ணம், துடைப்பம், செருப்பு ஆகிய நான்கும் அந்த அறைக்கென்றே தனியாக இருக்கட்டும்.

பளபளக்கும் டைல்ஸ் தரையில் தெருநாய்க்குக் கால் நிற்காது. முன்னங்கால்கள் அகன்று, நகங்களால் தரையைப் பற்ற முயன்று, நடுங்கி ஓரிடத்திலேயே உட்கார்ந்துவிடும். மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துப் பதுங்கும். கதவிலிருந்து படுக்கை வரை கோணிப்பையோ ரப்பர் விரிப்போ போட்டு ஒரு பாதை அமைத்துக் கொடுத்தால், அந்தப் பாதையிலேயே மெல்ல நடக்கத் தொடங்கும்.

படி 5: வரும் நாளில் நேராக மருத்துவரிடம்

வீட்டுக்கு வரும் வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எடை, வெப்பநிலை, மல பரிசோதனை, குடற்புழு மருந்து, வயதுக்கேற்ற தடுப்பூசி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால், தொட்டால் சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. குட்டிகளுக்குக் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும்; வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

அடுத்தது உண்ணி. காது மடலின் உட்புறம், கால்விரல்களின் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, வாலின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊரில் பழுப்பு நிற நாயுண்ணி சுவர் விரிசலில்கூட முட்டையிட்டுப் பெருகும்; அது பரப்பும் உண்ணிக்காய்ச்சலில் ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் ரத்தம் வடியும். உண்ணியை ஒழிக்கும் மருந்தை வாங்கும்போது வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாய்களின் முதுகில் விடும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மருந்து பூசிய நாயோடு உரசிப் படுத்தாலே பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

படி 6: பதினான்கு நாள் மூடிய கதவு

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். குட்டி துறுதுறுவென்று இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, பிறகு எதற்குத் தனிமை என்று தோன்றும். பார்வோ கிருமி உடலுக்குள் போனபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகலாம். டிஸ்டெம்பருக்கும் ஓரிரு வாரம் ஆகும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பார்வோ கிருமி மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, ஆரோக்கியமாகத் தெரிகிற நாட்களில்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேலைகளை ஒரு வரிசையில் செய்யுங்கள். காலையில் முதலில் வீட்டுப் பிராணிகளுக்கு உணவு கொடுத்து, அவற்றின் வேலைகளை முடித்துவிட்டு, அதன் பிறகே ஃபாஸ்டர் அறைக்குள் போங்கள். அறைக்கென வைத்த செருப்பையும் மேல் சட்டையையும் அணிந்து, வெளியே வரும்போது அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைகளில் பூசும் ஆல்கஹால் திரவம் பார்வோவிடம் பலிக்காது.

தரை துடைக்க நம் வீடுகளில் கை தானாகவே பினாயிலைத் தேடும். அதை நம்பிப் பார்வோவை ஒழிக்க முடியாது. ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைகளுக்கு ஆகாது என்பதால் பூனை உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே வேண்டாம் என்பேன். முதலில் மலத்தையும் அழுக்கையும் முழுவதும் அகற்றிச் சோப்பு நீரால் கழுவுங்கள், ஏனெனில் அழுக்கின் மேல் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு வீட்டு உபயோக ப்ளீச் திரவத்தை 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் என்று கலந்து தரையில் ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அந்த நேரத்தில் நாய் அங்கே இருக்கக் கூடாது. ப்ளீச்சுடன் ஆசிட் போன்ற வேறு எதையும் கலக்கவும் கூடாது.

குட்டி சோர்ந்து படுத்தாலோ, உணவை மறுத்து வாந்தி எடுத்தாலோ, கடும் நாற்றத்துடன் ரத்தம் கலந்து கழிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். நீரிழப்பு ஒரு சிறு குட்டியை ஓரிரு நாளில் கொன்றுவிடும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிதல், தசை வெட்டி இழுத்தல் ஆகியவை டிஸ்டெம்பரின் அறிகுறிகள்.

படி 7: உணவு

பட்டினி கிடந்து எலும்பு தெரியும் நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டக் கொடுப்பது ஆபத்து. நாளுக்கு நான்கைந்து முறை, சிறிது சிறிதாக, குழைந்த சோற்றுடன் எலும்பு நீக்கி வேகவைத்த கோழியைப் பிசைந்து கொடுத்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் அளவை ஏற்றுங்கள். மீந்த சாம்பார் சாதத்தில் வெங்காயமும் பூண்டும், பாயசத்தில் உலர்திராட்சையும் இருக்கும். இவை நாய்களுக்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். நாய் சாப்பிடும்போது தட்டின் அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். தெருவில் ஒவ்வொரு வாய் உணவுக்கும் போராடிய நாய் தட்டைக் காவல் காப்பது இயல்பே.

படி 8: நாய்களை அறிமுகப்படுத்துதல்

பதினான்கு நாள் முடிந்து, மருத்துவரும் சரி என்ற பிறகே இந்தப் படி. இதை முகர்தலில் தொடங்குங்கள். புதிய நாய் படுத்த துணியை உங்கள் நாய்களின் இடத்திலும், அவற்றின் துணியை அதன் அறையிலும் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இரு புறமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். கதவுக்கு அப்பால் உள்ளவர் வரும்போதெல்லாம் நல்லது நடக்கிறது என்று இரு தரப்பும் பழகட்டும்.

முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தெருநாய்களின் நடமாட்டம் குறைந்த ஒரு சாலையில், விடியற்காலையில், நாய்க்கு ஒருவராக இருவர் பிடித்துக்கொண்டு, இடையில் பதினைந்து அடியாவது இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வேண்டும். புதிய நாய்க்குக் கழுத்துப்பட்டையில் ஒரு வாரும் மார்புப்பட்டையில் ஒரு வாருமாக இரண்டு வார்கள் போடுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும், அப்படித் தப்பியோடிய நாயைப் பிடிப்பது மிகக் கடினம். இரண்டும் தரையை முகர்ந்தபடி உடல் தளர்ந்து நடக்கத் தொடங்கினால் இடைவெளியைக் குறையுங்கள். வார் தளர்வாக இருக்கும் நிலையில், பின்புறத்தை மூன்று விநாடி முகரவிட்டு, பெயர் சொல்லி அழைத்துப் பிரித்துவிடுங்கள். பிறகு மீண்டும் நடை. எங்கள் வீட்டின் மூத்த நாட்டு நாய் புதியவர்களைப் பார்த்தால் முதலில் கொட்டாவி விட்டு, நாக்கால் மூக்கை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது தூக்கமோ பசியோ அன்று. “எனக்கு இன்னும் இடைவெளி வேண்டும்” என்று பொருள். வால் விறைத்து மேலெழுந்து, உடல் அசையாமல் நின்று, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் உடனே தூரத்தைக் கூட்டுங்கள். உறுமலுக்கு ஒருபோதும் அடிக்காதீர்கள். உறுமத் தடுக்கப்பட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

வீட்டுக்குள் ஒன்றாக விடும் முன் தட்டு, பந்து, எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உணவு எப்போதும் தனித்தனி அறைகளில். ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் புதிய நாய் தன் அறைக்கே திரும்ப வேண்டும். சண்டை மூண்டால் கையை நடுவில் விடாமல், பலகையையோ நாற்காலியையோ இடையில் செருகுங்கள், அல்லது தண்ணீரை ஊற்றுங்கள்.

படி 9: பூனைகளுக்குத் தனி வழி

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நாயிடம் காட்டுவது இருவருக்கும் தீங்கு. கீறல் நம் முகத்தில் விழும். நாய் வாரில் இருக்க வேண்டும், பூனைக்குக் கட்டு எதுவும் இருக்கக் கூடாது. அலமாரியின் மேல்தட்டு, பரண் என்று நாய் எட்டாத உயரத்துக்கு அதற்கு வழி இருக்கட்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழி கொடுங்கள். கண்ணிமைக்காமல் வெறித்து, உணவைக்கூடக் கவனிக்காமல் நிற்கும் நாயைப் பூனை உள்ள வீட்டில் அவிழ்த்துவிட முடியாது; அதை மறைக்காமல் மீட்டவரிடம் சொல்லி, பூனையற்ற வீட்டைத் தேடச் சொல்லுங்கள். பூனையின் உணவுத் தட்டையும் மணல் தொட்டியையும் நாய் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

படி 10: கடிபட்டால்

விளையாட்டாகப் பட்ட பல்லானாலும், நகக்கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

படி 11: தத்துக் கொடுத்தல்

நாயின் குணத்தை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். இடிக்குப் பயப்படும், குழந்தைகளிடம் ஒதுங்கி நிற்கும், தனியே விட்டால் குரைக்கும் என்று உள்ளபடியே எழுதினால்தான் பொருத்தமான குடும்பம் அமையும். தத்து எடுப்பவரின் வீட்டுக்கு நேரில் போய், பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் வாசல் கேட்டையும் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று அங்கே வைத்தே கேளுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் எந்த நாயையும் புதிய வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பிவர வழி தெரியாது. குட்டி என்றால், உரிய வயதில் கருத்தடை செய்வதாக எழுதி வாங்குங்கள். தடுப்பூசி அட்டை, ஒரு வாரத்துக்கான அதே உணவு, தொலைபேசி எண் எழுதிய கழுத்துப்பட்டை, துவைக்காத அதன் துணி ஆகியவற்றை உடன் அனுப்புங்கள். மாநகராட்சி உரிமம் பெற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நாய் போன பிறகு, அறையை மேலே சொன்ன முறையில் கழுவி, போர்வைகளை அப்புறப்படுத்தி, வீட்டுப் பிராணிகள் பழைய நடைமுறைக்குத் திரும்பும் வரை அடுத்த நாயை ஏற்காதீர்கள். அந்த அறையில் பார்வோ வந்த குட்டி இருந்திருந்தால், கிருமி மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஓராண்டுகூட, உயிர்ப்புடன் இருக்கும். எனவே அதற்குள் தடுப்பூசி முடியாத எந்தக் குட்டியையும் அங்கே வைக்க வேண்டாம். தடுப்பூசி முடிந்த வளர்ந்த நாய்களுக்கு மட்டும் அந்த அறையைக் கொடுங்கள்.