ரீலோடிங் பெஞ்ச் உயரம்: முதுகுவலி தீர்ந்தது எப்படி

சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதற்கான என் பெஞ்சின் உயரம் 91 செ.மீ. சாதாரண மரவேலைக்கு அது சரி. ஆனால் பிரஸ்ஸின் (கூட்டை அழுத்தும் நெம்புகோல் கருவி) கைப்பிடி முழுதாக இறங்கும்போது இடுப்புக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு குனிதல். நூறு கூடு முடிவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பெஞ்சைத் தொடவில்லை. பிரஸ்ஸை மட்டும் 15 செ.மீ. உயரமுள்ள இரும்புத் தாங்கியில் ஏற்றினேன். நிமிர்ந்து நின்றபடி, கை நீட்டிய நிலையிலேயே கைப்பிடியைக் கடைசிவரை இறக்க முடிய வேண்டும். அளவெடுக்கும்போது வேலைக்குப் போடும் செருப்பையே போட்டுக்கொள்ளுங்கள். மேலே போகும்போது கைப்பிடி தோளைத் தாண்டினால் ஏற்றியது அதிகம்.

உயர்த்தியதும் புதுத் தொல்லை: ஆட்டம். கைப்பிடி பெஞ்சின் விளிம்புக்கு வெளியே இருப்பதால், அழுத்தும்போது பின்கால் தூக்கும். பெஞ்சைச் சுவரோடு இரண்டு எல் ஆங்கிளால் பிடித்தேன். 18 மி.மீ. ப்ளைவுட்டை இரட்டையாக ஒட்டி, போல்ட்டுக்கு அடியில் அகல வாஷர் போட்டேன். மர ஸ்க்ரூ வேண்டாம், சில வாரத்தில் துளை தளர்ந்துவிடும்.

வெடிமருந்தை எடைபோடும் தராசை மட்டும் தனி அலமாரியில், கண்மட்டத்தில் வைத்தேன். பிரஸ் அதிர்வும் அதற்கு ஆகாது. மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் காட்டும் அளவும் பிசகும்.

வெடிமருந்து இட்ட கூடுகளை அடுக்கும் பலகைக்கு இதற்கு நேர்மாறான விதி. அது தாழ்வாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மேலிருந்து நேராக எட்டிப் பார்க்க முடியாவிட்டால், இரட்டை அளவு விழுந்தது தெரியாது.