டர்போ க்ராஸ்ஓவர் வாங்கப் போகிறீர்களா? டெஸ்ட் டிரைவை உருப்படியாகச் செய்வது இப்படி

மாருதி ஃப்ராங்ஸ் 3,995 மி.மீ. நீளம். ஸ்கோடா கைலாக் 3,995. ஹூண்டாய் வென்யூவும் 3,995. மூன்று கம்பெனியும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கிறதல்லவா? பேசி வைத்தது வரிச் சட்டம். நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் இருந்தால்தான் சின்னக் காருக்கான வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீத ஜி.எஸ்.டி.; எல்லையைத் தாண்டினால் 40. அதனால் ஒரு காரை ‘ஸ்போர்ட்டி’ ஆக்க நினைக்கும் டிசைனருக்குக் கையில் இருப்பது கொஞ்சம்தான். கூரையைப் பின்னால் சரிக்கலாம், சக்கரத்தைப் பெரிதாக்கலாம், 3 சிலிண்டர் எஞ்சினுக்கு டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) மாட்டலாம். இதில் எது வெறும் தோற்றம், எது ஓட்டும்போது தெரியும் என்று பிரித்துப் பார்க்க, ஷோரூம் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டும் மூன்று கிலோமீட்டர் சுற்று போதாது.

எண்களை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

ப்ரோஷரில் பெரிய எழுத்தில் இருப்பது பி.எஸ்., அதாவது குதிரைசக்தி. அதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஃப்ராங்ஸ் டர்போ 100 பி.எஸ்., கைலாக் 115. ஆனால் ஃப்ராங்ஸ் டர்போ ஆட்டோமேட்டிக்கின் எடை சுமார் 1,050 கிலோ; கைலாக் ஆட்டோமேட்டிக் 1,200 கிலோவுக்கு மேல். எடையால் வகுத்தால் இரண்டும் டன்னுக்கு 95 பி.எஸ். பக்கத்தில் வந்து நிற்கும்.

அதைவிட முக்கியம், டார்க் (எஞ்சின் சுழற்றும் விசை) எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) முழுதாகக் கிடைக்கத் தொடங்குகிறது என்பது. வென்யூவின் 1.0 டர்போவில் 172 நியூட்டன் மீட்டர் 1,500 ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கிறது. கைலாக்கில் 178, தொடக்கம் 1,750. ஃப்ராங்ஸில் 147.6, தொடக்கம் 2,000. ஊருக்குள் ஓட்டும்போது எஞ்சின் பெரும்பாலும் 2,000-க்குக் கீழேதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்டோவைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் இந்த 500 ஆர்.பி.எம். வித்தியாசம் காலில் தெரியும்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு எஞ்சின் விற்கிறார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஃப்ராங்ஸில் 113 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,400 ஆர்.பி.எம்.மில். வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு நிற்பது எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று போனிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். “ரெண்டும் ஒண்ணுதான் சார், பிக்அப் மட்டும் கொஞ்சம் மாறும்” என்றால் போகாதீர்கள். நீங்கள் வாங்கப் போவதே அந்தப் பிக்அப்பைத்தான்.

சாவி வாங்கியதும்

முதலில் டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். டெஸ்ட் டிரைவ் வண்டிகளில் அதைவிட 5, 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று அடித்திருப்பது சகஜம். அப்படியே ஓட்டினால் வண்டி குதிக்கும், நீங்கள் சஸ்பென்ஷனைக் குறை சொல்வீர்கள். கையடக்க கேஜ் ஒன்றை எடுத்துப் போங்கள். ஓடிச் சூடான டயர் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்; அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பின் சீட். சரிந்த கூரைக்கான விலையைக் கொடுப்பவர் அங்கே உட்காருபவர்தான். வீட்டிலேயே உயரமான ஆளைக் கூட்டிப்போய் முதுகை முழுக்கச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். அடுத்து நீங்கள் ஒருமுறை ரிவர்ஸ் எடுங்கள், கேமராவைப் பார்க்காமல். பின் கண்ணாடி சின்னது, பக்கத்துத் தூண் தடிமன்; எவ்வளவு மறைகிறது என்று அப்போதுதான் புரியும்.

நான்கு பேர், ஏ.சி. போட்டு

தனியாக ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நான்கு பேர் உட்காருங்கள், ஏ.சி.யை முழு வேகத்தில் வையுங்கள். 1 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டுமே நிஜமான சுமை.

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஃப்ராங்ஸுக்கு 190, கைலாக்குக்கு 189 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது ஆள் ஏறாத வண்டியின் கணக்கு. ஆள் ஏறினால் குறையும், பின்பக்கம் இன்னும் அதிகமாக. பிறகு ஒரு பக்கம் மட்டும் பள்ளமான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் போங்கள். இந்த வகைக் கார்களில் பின் சக்கரங்கள் இரண்டும் டார்ஷன் பீம் என்ற ஒரே குறுக்குச் சட்டத்தில் இணைந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த உதறல் மறுபக்கத்துக்கும் போகும். உயரமான வண்டி வளைவில் சாயாமலிருக்க ஸ்ப்ரிங்கை இறுக்கியிருப்பார்கள். இறுக்கம் எந்த அளவு என்பதைப் பின் சீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள், ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்குத் தெரியாது.

அடுத்தது மேம்பாலம். ஆட்டோமேட்டிக் எடுப்பவர்கள் அதிகம் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மெல்ல நகருங்கள். ஃப்ராங்ஸிலும் கைலாக்கிலும் உள்ள 6 கியர் டார்க் கன்வர்ட்டர் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதால் ஊர்வதில் அதற்குச் சிரமமில்லை. வென்யூவின் 7 கியர் டி.சி.டி. வேறு ஜாதி. உள்ளே இரண்டு உலர் கிளட்ச். மேனுவலில் உங்கள் இடது கால் செய்வதை அங்கே கம்ப்யூட்டர் செய்கிறது. கியர் மாற்றும் வேகத்தில் மற்றவை அதை எட்டாது. ஆனால் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடேறும், மீட்டரில் எச்சரிக்கை வரும். நெரிசலில் ஓர் அடி, ஓர் அடியாக ஊராதீர்கள். முன்னால் ஒரு வண்டி அளவு இடம் விட்டு, பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, இடம் வந்ததும் ஒரேயடியாக நகருங்கள். இந்தப் பழக்கம் வராது என்று தோன்றினால் டார்க் கன்வர்ட்டர்தான் உங்களுக்கு. மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் கருவியே மாற்றும் ஏ.எம்.டி.யை ஸ்போர்ட்டி பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஒவ்வொரு கியருக்கும் தலையை ஆட்ட வைக்கும்.

புறவழிச் சாலையில் காலியான இடம் கிடைத்தால் 40-லிருந்து 80 கி.மீ. வரை ஆகும் நேரத்தைப் பக்கத்தில் இருப்பவர் போனில் குறிக்கட்டும். நூறை எத்தனை நொடியில் தொடும் என்பதைவிட லாரியைத் தாண்ட உதவுவது இந்த எண். ஆக்ஸிலேட்டரை மிதித்த கணத்துக்கும் வண்டி பாய்ந்த கணத்துக்கும் நடுவில் “ஒன்று, இரண்டு” என்று எண்ண முடிந்தால், அது டர்போவின் தாமதமா கியர்பாக்ஸின் தாமதமா என்று பாருங்கள். மேனுவல் மோடில் கியரை முன்கூட்டியே குறைத்துவிட்டு மீண்டும் மிதித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கடைசியாக பிரேக். பின்னால் யாருமில்லை என்று கண்ணாடியில் உறுதி செய்துகொண்டு 60-லிருந்து அழுத்திப் பிடியுங்கள். வண்டி நேராக நிற்கிறதா, மூக்கு எவ்வளவு குனிகிறது என்று கவனியுங்கள். ஃப்ராங்ஸ், கைலாக் இரண்டிலும் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். வென்யூவின் ஸ்போர்ட்டி வகையான ‘என் லைன்’-இல் நான்கும் டிஸ்க்.

பெரிய சக்கர ஆசை

கைலாக்கில் 205/60 ஆர்16, 205/55 ஆர்17 என்று இரண்டு டயர் அளவு உண்டு. முதலாவதன் மொத்த விட்டம் சுமார் 652 மி.மீ., இரண்டாவது 657. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 123-லிருந்து 113 மி.மீ. ஆகிறது. வளைவில் ஸ்டீயரிங் கூர்மையாகும். பள்ளத்தில் விழுந்தால் அலாய் வளைய வாய்ப்பும் கூடும். மழைக்காலத்தில் சாலை காணாமல் போகும் ஊர் என்றால் 16 அங்குலமே நல்லது. வெளிக்கடையில் மாற்றுவதாக இருந்தால், மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறவே கூடாது.

வாங்கிய பிறகு

முதல் 1,000 கி.மீ.க்கு முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம். ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாதீர்கள். மைலேஜுக்காக மேனுவலில் 5-ஆவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், அதே கியரில் அழுத்தி மிதிப்பது டர்போ எஞ்சினுக்கு ஆகாது. குறைந்த ஆர்.பி.எம்.மில் அதிகச் சுமை விழும்போது, எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உடைவதுகூட நடக்கும். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். ஆயில் இதைத் தடுக்கிறதா என்ற சோதனை, ‘ஏ.பி.ஐ. எஸ்.பி.’ என்ற எஞ்சின் ஆயில் தரத்தில் அடங்கியிருக்கிறது. கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மையில் அந்தத் தரம் கேனில் அச்சாகியிருக்கிறதா என்று சர்வீஸில் பாருங்கள்.

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு மேலே போனதும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும்; ஆயில் ஓட்டம் நின்றால் பேரிங்கில் தங்கிய ஆயில் கருகும். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இறங்கும்போது ஆட்டோமேட்டிக் என்றாலும் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வையுங்கள்; 1 லிட்டர் எஞ்சினின் பிடிப்பு குறைவு, மூன்றாவதில் விட்டால் பாதி மலையிலேயே பிரேக் வாடை வந்துவிடும்.