ஒரே தேதியில் பிறந்தவர்களை ஒரே கூடத்தில் கேட்பது எப்படி

செப்டம்பர் 16 என்றதும் நமக்கு நினைவு வருவது எம்.எஸ். சுப்புலட்சுமி. மதுரை, 1916. அதே தேதியில் 1887இல் பாரிஸில் பிறந்தவர் நாதியா பூலான்ஞே. பல நாட்டு இசையமைப்பாளர்கள் தேடிப் போய்ப் பாடம் கேட்ட ஆசிரியை. 1925இல் அதே தேதியில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் பிறந்தார். அதே நாள், அதே வருஷம், வர்ஜீனியாவில் ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி பர்ட். இந்த நால்வரையும் ஒரே காலையில், ஒன்றரை மணி நேரத்துக்குள், அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். அதற்கு மேடை வேண்டாம், டிக்கெட் வேண்டாம். ஒரு கூடமும் பத்துப் பன்னிரண்டு பேரும் போதும்.

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. கீழ் வீட்டுப் பாலக்காட்டு மாமா வருவார். சின்ன வயதில் வயலின் கற்றவர். தாராவி தொண்ணூறடி சாலையிலிருந்து ராப் எழுதும் பையன் ஒருவன் வருவான். முலுண்டிலிருந்து என் அண்ணி, பக்கத்து சொசைட்டிப் பிள்ளைகள், சமயத்தில் அவர்களுடைய மராத்தித் தோழிகள். இப்படிப்பட்ட கூட்டத்தில் 'உங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவரவர் பாட்டுக்கு அவரவர் மட்டும் காது கொடுப்பார்கள். தேதியிடம் பொறுப்பை விட்டுவிட்டால் அந்தப் போட்டியே இல்லை. யாருடைய ரசனையும் ஜெயிக்கவில்லை, யாருடையதும் தோற்கவில்லை. நாமாக ஒருநாளும் தேடிப் போயிருக்காத ஒருவரைத் தேதி கூட்டி வந்து எதிரே உட்கார வைக்கிறது. நான் இதை விடாமல் செய்வது அதற்காகத்தான்.

தேதியைப் பிடிப்பது

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. பிறந்தவர்கள் பட்டியலில் இசைக்காரர்களை மட்டும் பொறுக்கினால் போதும். இந்தியக் கலைஞர்கள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டிருப்பார்கள், அவர்களைத் தனியாகத் தேட வேண்டும்.

ஒன்றும் கிடைக்காதோ என்ற பயம் வேண்டாம். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அதில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்த நாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்பது கணக்கு. உலகத்து இசைக்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர்! எந்தத் தேதியும் காலியாக இருக்காது. இதே காரணத்தால், ஒரே நாளில் பிறந்தவர்களுக்குள் ஏதோ ஜாதக ஒற்றுமை இருக்கிறது என்ற பேச்சை நான் வளர விடுவதில்லை. அந்தப் பேச்சு தொடங்கிவிட்டால் பாட்டு பின்னால் போய்விடும்.

பட்டியல் கைக்கு வந்ததும் தேதியைச் சரிபாருங்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1900 ஜூலை 4 தான் தன் பிறந்த நாள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார். அவர் காலமாகிப் பல வருஷம் கழித்துத் தேவாலயப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று கிடைத்தது. அந்தத் திருத்தத்தால்தான் அவர் நம் கிஷோர் குமாரின் தேதிக்கு வந்து சேர்ந்தார். பீத்தோவனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாள் தெரியும், 1770 டிசம்பர் 17. பிறந்த நாளுக்குப் பதிவு இல்லை. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாள் என்பதால் தன் பிறந்த நாளை ஜூன் 2 அன்று கொண்டாடுகிறார்.

நாட்காட்டிச் சிக்கல் ஒன்று உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பிறந்த 1685 மார்ச் 21, அவருடைய ஐசனாக் ஊரில் அன்று புழங்கிய பழைய நாட்காட்டிப்படி. இன்றைய கணக்கில் அது மார்ச் 31. ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினுக்கு இது தலைகீழ்: இன்றைய கணக்கில் 1872 ஜனவரி 6, மாஸ்கோவின் பழைய கணக்கில் 1871 டிசம்பர் 25. எந்தக் கணக்கை எடுத்தீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், அது போதும். நம் கர்நாடக இசை மும்மூர்த்திகளை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தீட்சிதருக்குப் பங்குனி கிருத்திகை, தியாகராஜருக்குச் சித்திரைப் பூசம், சியாமா சாஸ்திரிக்குச் சித்திரை கிருத்திகை என்று நட்சத்திரத்தால்தான் நாம் கொண்டாடுகிறோம். அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

யாரை எடுப்பது, எந்தப் பாட்டு

நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் யாருமே கேட்டிராத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு உருப்படி, ஐந்திலிருந்து பன்னிரண்டு நிமிடம், முதலிலிருந்து கடைசி வரை. துண்டு துண்டாக வெட்டிப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஒரு பாட்டு எப்படி முடிகிறது என்பதைக் கேட்காமல் அதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

வரிசைதான் இதில் பெரிய வேலை. செப்டம்பர் 16ஐயே எடுத்துக்கொள்வோம். எம்.எஸ்.ஸை முதலில் வைத்தால் காரியம் கெட்டது. அவர் குரலுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு எதையும் கேட்க மனம் வராது. அதனால் சார்லி பர்ட்டில் ஆரம்பிக்கிறேன். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு அவர் 1962இல் வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் பதிவு செய்த 'ஜாஸ் சம்பா' ஆல்பம். பிரேசில் தாளம், நைலான் தந்தி, பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால் மீட்டிய கிட்டார். காலையில் காதுக்கு இதமாக இருக்கும், எந்த வயதுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

அடுத்து பூலான்ஞே. அவர் பெரிய புகழ் பெற்றது ஆசிரியையாக. அப்படியானால் எதைப் போடுவது? பழைய இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் பாடல்களை 1937இல் அவர் பொறுப்பேற்று நடத்திய பதிவுகளில் ஒன்றைப் போடலாம். அதோடு அவர் மாணவர் ஒருவரையும் சேர்ப்பேன். அர்ஜென்டினாவின் ஆஸ்டோர் பியாசோலா அவரிடம் வந்தபோது, தான் டாங்கோ என்ற தன் நாட்டு நடன இசையை வாசிப்பவன் என்பதையே மறைத்து வைத்திருந்தார். பூலான்ஞே ஒரு டாங்கோவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உன் சொந்த இசை இதுதான், இதை விடாதே என்று திருப்பி அனுப்பினார். பியாசோலாவின் பாண்டோனியன் (அக்கார்டியன் மாதிரித் துருத்தி வாத்தியம்) ஒலிக்கும்போது நாம் கேட்பது அந்த அம்மையாரின் காதையும் சேர்த்துத்தான். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்த குவின்ஸி ஜோன்ஸும் அவரிடம் படித்தவர் என்று சொன்னால் தாராவிப் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

இங்கே காபி. அப்புறம் பி.பி. கிங், உடனே எம்.எஸ். இந்த இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும், நடுவில் பேச்சு கூடாது.

பி.பி. கிங்குக்கு 1964இல் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான நேரடிக் கச்சேரியை எடுங்கள். பாடும்போது அவர் கிட்டாரைத் தொடுவதில்லை. கிட்டார் பேசும்போது பாடுவதில்லை. ஒரு வரி பாடி நிறுத்துவார், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். மாமா முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு, "இவர் தனக்குத்தானே பக்கவாத்தியம் வாசிச்சுக்கறார்" என்றார். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்து அந்த ஒற்றை ஸ்வரத்தைக் கவனியுங்கள். வலது கை ஒரு தடவைதான் தந்தியைத் தட்டும். பிறகு எல்லாம் இடது கை. விரல் தந்தியை விட்டு எழாமல், மணிக்கட்டு வேகமாக ஆட, ஸ்வரம் அசைந்துகொண்டே நீளும். அவருடைய உறவினர் புக்கா வைட் தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பவர். அந்த ஓசையை வெறும் விரலில் கொண்டுவர முயன்றதில் பிறந்தது இந்த அசைவு. காந்தாரத்தில் வரும்போது தந்தியை வளைத்து, கீழ்க் காந்தாரமான சாதாரண காந்தாரத்துக்கும் மேல் காந்தாரமான அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்பார். ஹார்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது.

அந்தக் காதோடு எம்.எஸ்.ஸின் சங்கராபரண ஆலாபனைக்குள் போங்கள். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலும் ஒன்றேதான். காலையிலிருந்து அதே ஸ்வரங்களைத்தான் பர்ட்டிடமும் மான்டெவெர்டியிடமும் நிறையக் கேட்டிருப்போம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழி மட்டும் வேறு. பி.பி. கிங்கைக் கேட்ட கையோடு கேட்டால் அந்த வழி பளிச்சென்று தெரியும். அசைவுக்குப் பழகிய காது, அசையாமல் நிற்கும் தார ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸாவை, வேறு மாதிரி உணரும். ராப் எழுதும் பையன் ஆலாபனை முடிந்ததும் கேட்டது: "அக்கா, இவங்க எங்க மூச்சு எடுக்கறாங்க? எனக்குத் தெரியவே இல்ல." மூச்சை எண்ணி எண்ணி வரி எழுதுகிறவனின் கேள்வி அது. உடனே அந்த ஆலாபனையை மறுபடி போட்டோம், மூச்சை மட்டும் கவனித்தபடி.

கூடமும் நேரமும்

மும்பையில் செப்டம்பர் 16 பல வருஷம் கணபதி நாட்களுக்குள் விழும். சாயங்காலம் ஆரத்தியும் டோலும் இருக்கும். அது அவர்களுடைய நேரம், அதோடு போட்டி போடக்கூடாது. பிறந்த தேதிக்கு அடுத்த ஞாயிறு காலை நல்லது. ஆனால் ஞாயிறு என்றால் மெகா பிளாக்கும் உண்டு, பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்திவைக்கும் நேரம். முதல் நாளே ரயில்வே அறிவிப்பைப் பார்த்து, முலுண்டுக்காரர்களுக்கும் வாஷிக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்கு முடித்து, பெரும்பாலும் பிளாக் தொடங்குவதற்கு முன் அனுப்பிவிடலாம்.

பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்தால் நெட் போய்விடும். ஆப்பில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். ஆலாபனை முடிந்த மறுநொடி அது தன் இஷ்டத்துக்கு எதையாவது பாட ஆரம்பித்தால் அத்தனை உழைப்பும் வீண். 1937 பதிவு மெல்லியதாகவும் இரைச்சலோடும் இருக்கும், 1962 பதிவு கணீரென்று இருக்கும். முதல் நாள் இரவு ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து எதற்கு எவ்வளவு ஒலி என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பேன். ஸ்பீக்கர் ஃப்ரிட்ஜ் மேலே வேண்டாம். உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வையுங்கள். ஃபேன் இரண்டில் ஓடட்டும். குக்கர் வேலையை எட்டு மணிக்கே முடித்துவிட வேண்டும். முறுக்கு, சிப்ஸ் எதுவும் வேண்டாம். சத்தம் போடாத பண்டம் போதும், கேசரியோ இட்லியோ.

ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடமாவது விடுங்கள். முந்தைய சுருதி காதிலிருந்து இறங்கினால்தான் அடுத்தது ஏறும்.

பாட்டுக்கு முன்னால் கலைஞரின் வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டாம். ஊர், வருஷம், கருவி, அவ்வளவுதான். கூடவே ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: ஸ்வரம் எப்படி முடிகிறது, மூச்சு எங்கே, யார் யாருக்குப் பதில் சொல்கிறார். கேள்வி கையில் இருந்தால் பழக்கமில்லாத இசையிலும் ஆள் தொலைந்துபோக மாட்டார். கதைகள் காபிக்கு. பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள். பெரியவர்கள் பேசிய பிறகு அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

இன்னும் சில தேதிகள்

ஜனவரி 6: ஏ.ஆர். ரஹ்மான் (1967), பாஞ்சோவை மூன்று விரலில் ஓடவிட்ட எர்ல் ஸ்க்ரக்ஸ் (1924), பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் சிட் பேரெட் (1946), ஸ்க்ரியாபின். பிள்ளைகளோடு ஆரம்பிக்க இதுதான் சுலபமான தேதி.

மார்ச் 9 மும்பைக்காரர்களுக்குச் சொந்தமான நாள். ஜாகிர் ஹுசேன் இந்த ஊரில் பிறந்தவர், 1951. அவரோடு அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் (1910), ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் (1930). பார்பரின் 'அடாஜியோ'வில் தாளம் தட்டவே இடமிருக்காது. அதை முதலில் வைத்து, பிறகு விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ஜாகிர் வாசித்த 'சக்தி' குழுவின் பதிவுக்குப் போனால் கூடமே விழித்துக்கொள்ளும்.

மார்ச் 21இல் பாக்கும் பிஸ்மில்லா கானும் (1916). இருவர் மட்டும் போதும், மூன்றாமவர் வேண்டாம்.

ஜூன் 24: எம்.எஸ். விஸ்வநாதன் (1928), கண்ணதாசன் (1927). மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் ஒரே தேதி. கூடவே ஹிந்துஸ்தானிப் பாடகர், குவாலியர் கரானாவின் ஓம்கார்நாத் தாக்கூர் (1897), கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் (1944). இதில் எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றே ஒன்று என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்று வேறு எதுவும் கேட்க முடியாது.

டிசம்பர் 1: மும்பையில் வளர்ந்த பாம்பே ஜெயஸ்ரீ (1964), பேஸ் கிட்டார் கலைஞர் ஜேகோ பாஸ்டோரியஸ் (1951). ஜேகோ வாசித்தது, வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் இல்லாத பேஸ். விரல் வழுக்கிப் போகிற இடமெல்லாம் நம் காதுக்குப் பழகியதாகவே இருக்கும். ஆனால் அந்தத் தாழ்ந்த ஸ்வரங்கள் சின்ன ப்ளூடூத் பெட்டியில் கேட்கவே கேட்காது. அன்றைக்கு மட்டும் யாரிடமாவது கேட்டு ஒரு பெரிய ஸ்பீக்கர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.