பிரெஞ்சு ஆய்விதழ்களைக் காசில்லாமல் படிக்க

வரலாறு, சமூகவியல், மானுடவியல் படிப்பவர்கள் பிரெஞ்சுக் கட்டுரை என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள். மொழி ஒரு தடைதான், ஆனால் பணம் பெரும்பாலும் தடையே இல்லை.

பழைய கட்டுரை என்றால் முதலில் 'பெர்ஸே' (Persée) தளம். 1929-இல் வரலாற்றாசிரியர்கள் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் தொடங்கிய 'அனால்' என்ற இதழ், 1975-இல் சமூகவியலாளர் பூர்தியூ தொடங்கிய இதழ் இரண்டின் பழைய தொகுதிகளும் அங்கே இலவசம். புதியவற்றுக்கு 'ஓப்பன்எடிஷன்' (OpenEdition) தளம். அங்கே கட்டுரை வலைப்பக்கமாகவே இருப்பதால், பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதி நன்றாக வேலை செய்யும். பல கட்டுரைகளில் ஆங்கிலச் சுருக்கமும் உண்டு. அதைப் படித்துவிட்டு, மேற்கொண்டு போகலாமா என்று முடிவு செய்யுங்கள். இன்னொரு ஆய்விதழ்த் தளமான 'கேர்ன்' (Cairn) பணம் கேட்டால் சட்டென்று மூடிவிடாதீர்கள். சில வருடங்கள் கழிந்ததும் பல இதழ்கள் திறந்துவிடப்படும்.

தேடும் சொல்தான் முக்கியம். 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி நழுவிவிடும். பிரெஞ்சில் அது 'தமூல்': டி, ஏ, எம், ஓ, யூ, எல். இதை அப்படியே பெர்ஸேயில் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியிலும் மையம் வைத்திருக்கும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுக் கல்விக்கழகத்தின் ஆய்விதழும் அங்கேதான், 1901-ஆம் ஆண்டு முதல் இதழிலிருந்தே இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று: 'கோந்த் ரான்டூ' (compte rendu) என்ற தலைப்பைக் கண்டால் விடாதீர்கள். நூல் மதிப்புரை அது. இரண்டே பக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தின் வாதம் கிடைத்துவிடும், சண்டையும் சேர்த்து.