வளவில் வளரும் வாத்துகளின் சீறலை அடக்கி, கூட்டத்தைச் சேர்த்து வைப்பது எப்படி?

"குஞ்சா இருக்கேக்க மடியில கிடந்தது, இப்ப படலையைத் திறக்க விடுதில்லை." யாழ்ப்பாணத்தில் வாத்து வாங்கியவர்கள் ஒரு வருசம் கழிய அடிக்கடி சொல்கிற முறைப்பாடு இது. அத்தோடு வாத்தை விற்றும் விடுகிறார்கள். அப்படி விற்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆண் வாத்து சீறுவது தன் பேட்டையும் கூட்டையும் காப்பதற்காக. எதைக் காக்கிறது என்று தெரிந்துகொண்டு வளவை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தினால் பொல்லு தேவைப்படாது. இங்கே சொல்வது தாராவுக்கு அல்ல, புல் மேயும் நெடுங்கழுத்து வாத்துக்கு.

படி 1: ஆணையும் பேட்டையும் கணக்காக வையுங்கள்

இலேசான உடலுள்ள இனங்களில் ஓர் ஆணுக்கு 3 முதல் 5 பேடு, பாரமான இனங்களில் 2 அல்லது 3 போதும். ஒரு சோடி மட்டும் வளர்த்தாலும் நன்றாகவே இருக்கும். சிக்கல் வருவது ஆண்கள் கூடும்போதுதான். முட்டைக்காலம் வந்ததும் நேற்றுவரை ஒன்றாக மேய்ந்த இரண்டு ஆண்கள் இறகு பறக்க அடிபடும். ஆண் எது, பேடு எது என்று குரலை வைத்து ஓரளவு சொல்லலாம்: ஆணின் குரல் கீச்சென்று உயர்ந்து வரும், பேட்டின் குரல் தடித்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து மலவாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: குஞ்சைத் தனியே வளர்க்காதீர்கள்

பொரித்து வந்த குஞ்சு முதலில் கண்டு பின்தொடர்வதைத் தன் இனமாக மனதில் பதித்துக்கொள்ளும். வாத்துகளோடு பழகி இதை விளக்கிய கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். தனி ஆண் குஞ்சை வீட்டுக்குள் வைத்துக் கையால் ஊட்டி வளர்த்தால், பருவத்துக்கு வரும்போது அது உங்களையே போட்டி ஆணாகப் பார்க்கும். மனிதரிடம் பயமும் இருக்காது. இரண்டு மூன்றாக வாங்குங்கள். பழக்குங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆனால் உணவைக் கையில் வைத்துக் கொடுக்காமல் தட்டில் போடுங்கள்.

படி 3: கழுத்தைப் படியுங்கள்

இதைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கழுத்து நேராக மேலே நின்றால் அது எதையோ கவனிக்கிறது, அவ்வளவுதான். தலை தாழ்ந்து, கழுத்து நிலத்துக்குச் சமாந்தரமாக உங்களை நோக்கி நீண்டு, வாய் திறந்து சீறினால் அது எச்சரிக்கை. அப்போது கிட்ட நின்று பார்த்தால், கழுத்து இறகுகளில் உழுத சால் போல ஓடும் வரிகள் நடுங்குவது தெரியும். சிறகையும் விரித்து முன்னே வந்தால் அடுத்தது கடிதான். அலகால் பிடித்துத் திருகும், சிறகு மூட்டால் அடிக்கும். பெரியவர்களுக்குக் கண்டல் காயம், சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலேயே படும். அதனால் பிள்ளைகளைத் தனியே வாத்துக்குள் விடாதீர்கள், துரத்தி விளையாடவும் விடாதீர்கள்.

படி 4: பாய்ந்து வந்தால் என்ன செய்வது?

ஓடாதீர்கள். ஓடினால் அதற்கு வெற்றி. எதிரியை விரட்டிய ஆண் பேட்டிடம் திரும்பி வந்து, இரண்டுமாகக் கழுத்தை நீட்டிக் கத்திக் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொண்டாட்டம் நடக்க நடக்க அடுத்த முறை இன்னும் தைரியமாக வரும்.

நின்று, அதை நேராகப் பார்த்துத் திரும்பி, கைகளை அகல விரித்து மெதுவாக இரண்டு அடி முன்னே வையுங்கள். பின்வாங்க வழி இருக்க வேண்டும், வேலி மூலைக்குள் நெருக்கக் கூடாது. அது விலகியதும் நீங்களும் நில்லுங்கள்.

விலகாமல் திரும்பத் திரும்ப வந்தால் பிடிக்க வேண்டும். ஒரு கையால் கழுத்தின் அடியை இறுக்காமல் பிடித்து, மற்றக் கையைச் சிறகுகளுக்கு மேலாகச் சுற்றி, தலை உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி கக்கத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். சிறகிலோ காலிலோ தூக்கவே வேண்டாம், முறிந்துவிடும். உடல் தளர்ந்து அமைதியாகும்வரை வைத்திருந்து, வேறு பக்கம் பார்க்க இறக்கிவிடுங்கள். உடனே முதுகைக் காட்டி நடக்காதீர்கள். அடிப்பதும் உதைப்பதும் பலன் தராது. அடி வாங்கிய வாத்து உங்களை எதிரியாகவே நினைவில் வைத்திருக்கும்.

படி 5: வளவை ஒழுங்குபடுத்துங்கள்

உணவுத் தட்டும் தண்ணீர்ப் பேசினும் ஒவ்வொன்று மட்டும் இருந்தால் வலியது மட்டும் தின்னும். இரண்டு மூன்று இடத்தில், எட்ட எட்ட வையுங்கள். தலை முழுதும் அமிழும் ஆழமுள்ள பேசினாக இருக்கட்டும், கண்ணையும் மூக்கையும் கழுவ அது வேண்டும். கோடைக்கு அறுகம்புல் காய்ந்துவிடும். அப்போது சந்தையில் கழிக்கிற கீரையையும் கோவா இலையையும் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் கொத்திக்கொண்டு நிற்கும், சண்டை குறையும்.

இரண்டு ஆண்களைப் பிரிக்கும்போது கம்பிவலை மட்டும் போதாது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நாள் முழுதும் வலையில் முட்டும். பார்வை மறைய வேண்டும். எங்கள் கிடுகு வேலி இதற்கு அருமையான பொருள், வலைக்கு மேல் கிடுகைச் சாத்திக் கட்டிவிடுங்கள்.

முட்டையிடும் இடங்களை மறைவான மூலைகளில், தள்ளித் தள்ளி அமையுங்கள். பேடு 28 முதல் 32 நாள்வரை அடை கிடக்கும். அந்த நாட்களில் ஆண் கடுமையாக இருப்பது அதன் இயல்பு, திருத்தப் போகாதீர்கள். கிணற்றடிக்கும் படலைக்கும் போகும் பாதையை வலையால் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

படி 6: புதிய வாத்தைச் சேர்ப்பது

தனி வாத்தைச் சேர்த்தால் எல்லாம் அதன்மேல் திரும்பும், இரண்டாகச் சேருங்கள். முதலில் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் தூரத்தில் வையுங்கள். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு மறுபக்கம், இப்போது கிடுகு வேண்டாம், பார்த்துப் பழகட்டும். சரி, சேர்க்கும் நாளில் கூட்டுக்குள் அடைக்காமல் ஓட இடமுள்ள வெளியில் ஒன்றாக மேய விடுங்கள். சின்னத் துரத்தல், ஒரு கொத்து, இதெல்லாம் வரிசை பிடிப்பதற்கு. தலையிடாதீர்கள்.

படி 7: எப்போது தலையிட வேண்டும்?

இரத்தம் கண்டால் உடனே பிரியுங்கள். ஒன்று மற்றதன் சிறகடியைக் கவ்வியபடி விடாமல் அடித்தாலும், ஒரு வாத்தைத் தண்ணீருக்கே விடாமல் துரத்தினாலும் அப்படித்தான். காயத்தைக் கழுவி, ஈ மொய்க்காத இடத்தில் வையுங்கள், எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் புழு வைத்துவிடும். எல்லாமாகச் சேர்ந்து ஒன்றையே கொத்தினால் அந்த வாத்தின் காலையும் கண்ணையும் எச்சத்தையும் பாருங்கள், நோயுற்றதைக் கூட்டம் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். சந்தேகமிருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆறிய பிறகு சேர்ப்பதென்றால் படி 6இன் வலைக்கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.