ஓஎஸ் போடும்போது சிஸ்டம் ஹேங் ஆகுதா? பவர் பட்டன்ல கை வைக்கும் முன்ன இத படிங்க

போன மாசம் குளச்சல்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, விண்டோஸ் போட்டுட்டு இருக்கேன், 37 சதவீதத்துல அப்படியே நிக்குது, இது நாலாவது தடவ, என்ன செய்யது?" நாலு தடவையும் 37லதான் நின்னுச்சான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, இல்லண்ணே, முதல்ல 12ல நின்னுச்சு, அடுத்து 60க்கு மேல போச்சு, ஒருக்கா காப்பி எல்லாம் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆன பிறகு நின்னுச்சுன்னான். அந்த பதில்லயே பாதி விஷயம் வந்துடுச்சு. ஆனா அதுக்குள்ள அவன் ரெண்டு பென்டிரைவ் மாத்தி, ஐஎஸ்ஓவ, அதாவது விண்டோஸ் மொத்தமும் அடங்கின அந்த ஒத்த ஃபைல, மறுபடியும் முழுசா டவுன்லோட் பண்ணி, ரெண்டு நாள் டேட்டாவ தீத்துட்டான்.

எங்க நிக்குதுன்னு கவனிக்காம திரும்ப திரும்ப போட்டு பாக்கறதுதான் நான் பாத்ததுலயே பெரிய தப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நின்னா ஐஎஸ்ஓ ஃபைல், பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் இந்த மூணுல ஒண்ணு மேல சந்தேகப்படுங்க, ஏன்னா இன்ஸ்டாலர் அந்த கட்டத்துல அதே ஃபைலத்தான் படிக்குது, அது உடஞ்சிருந்தா அங்கயேதான் முட்டும். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா ராம், சூடு, இல்ல பவர் சப்ளை. ராம்ல கெட்டுப்போன இடத்துக்கு ஒரு தடவ ஒரு டேட்டா வந்து உக்காரும், அடுத்த தடவ வேற ஒண்ணு, அதனாலதான் இடம் மாறிட்டே இருக்கும். ஒரு பேப்பர்ல சதவீதத்தயும் நேரத்தயும் குறிச்சு வைங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்.

அந்த தம்பி சிபியூவ தூக்கிட்டே வந்துட்டான். கழத்தி பாத்தா ராம்ல தங்க நிறத்துல பளபளன்னு இருக்க வேண்டிய பல்லு எல்லாம் கறுத்து, ஓரத்துல லேசா பச்ச பூத்து இருக்கு. கடக்கரையில வீடு, சன்னல் பக்கத்துல சிஸ்டம், உப்புக்காத்து சும்மா விடுமா. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் இருக்கவங்க இத மொதல்ல பாக்கணும். பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்கி பிடிச்சு மிச்ச கரண்ட வடிய விட்டு, ராம எடுத்து, பிள்ளைங்க பென்சிலுக்கு வச்சிருக்க சாதா வெள்ள ரப்பரால பைய தேச்சா போதும். உப்புத்தாள் போட்டு தேச்சவங்கள பாத்திருக்கேன், மேல இருக்க பூச்சே போயிரும், தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. தேச்ச பிறகும் விட்டுவிட்டு நின்னுச்சு, சரின்னு ரெண்டு 4 ஜிபி ராம்ல ஒண்ண மட்டும் மாட்டி ராம சோதிக்கற மெம்டெஸ்ட்ங்கற புரோகிராம ஓட்டினேன், அது சுத்தமா பாஸ் ஆச்சு. அடுத்தத மாட்டினதும் கொஞ்ச நேரத்துலயே சிவப்பு வரிசையா எரர் வந்து விழுந்துச்சு. அத எடுத்துட்டு போட்டதும் அதே பென்டிரைவ், அதே ஐஎஸ்ஓ, ஒரு தடங்கலும் இல்லாம ஏறிடுச்சு.

இன்னொண்ணு, நிக்காதத நின்னுட்டுன்னு நினைக்கறது. பழைய ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் ஏற ஒரு மணிக்கூருக்கு மேலயும் ஆகும், எஸ்எஸ்டில இருபது நிமிசத்துல முடியறத பாத்து பழகினவங்களுக்கு அது ஹேங் மாதிரிதான் தெரியும். கேப்ஸ் லாக் அமுக்கி பாருங்க, கீபோர்ட்ல லைட் எரிஞ்சு அணஞ்சா மெஷின் உயிரோடதான் இருக்கு, டிஸ்க் லைட் மினுங்குதான்னும் பாருங்க. ரெண்டுமே இருந்தா வெப்ராளப்படாம விடுங்க. விண்டோஸ் 7 போடறவங்களுக்கு மட்டும் இந்த சோதனை செல்லாது, அந்த இன்ஸ்டாலர்ல யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது, அதனால நீல போர்ட்ல மாட்டின மவுசும் கீபோர்டும் செத்துப் போகும், பாக்க ஹேங் ஆன மாதிரியே இருக்கும். 2.0 போர்ட் இருந்தா அதுல மாத்தி மாட்டுங்க.

டிஸ்க் விஷயத்துலதான் எனக்கு மனசு கேக்காது. திங்கள்சந்தை பக்கத்து அக்கா ஒருத்தங்க லேப்டாப் ஓஎஸ் ஏறும்போது நின்னு நின்னு போகுதுன்னு வேற ஒரு இடத்துல குடுத்திருக்காங்க, அங்க ஒரு வார்த்த கேக்காம டிஸ்க்ல பிரிச்சு வச்சிருந்த மொத்த பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணி நாலஞ்சு தடவ போட்டு பாத்திருக்காங்க. மகளோட புதுநன்மை போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு, வேற எங்கயும் காப்பி இல்ல. என் கைக்கு வரும்போது டிஸ்க் டிக் டிக்னு அடிச்சுட்டு இருந்துச்சு, பத்து பன்னெண்டு படத்துக்கு மேல என்னால எடுக்க முடியல. அந்த சத்தம் கேட்டா அதோட நிறுத்திடுங்க, ஒவ்வொரு முயற்சியும் பழைய டேட்டா மேல எழுதுது. உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் ஓஎஸ் இருக்கு, அத ஏத்தின பென்டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணாம டிரை மட்டும் குடுத்து உள்ள போய், வேணும்ங்கறத வெளி டிஸ்க்குக்கு மாத்திட்டு அப்புறம் மத்ததெல்லாம். வீடியோவ பாத்து டிஸ்க்பார்ட்ல டிஸ்க்க மொத்தமா அழிக்கற கிளீன் கமாண்ட் அடிக்கறவங்களும் கவனம், ரெண்டு டிஸ்க் இருந்தா எது 0 எது 1னு மாறிப்போகும். நான் ஓஎஸ் போடறதுக்கு முன்ன மத்த டிஸ்க்கோட கேபிள கழத்தி வச்சிருவேன், அது ஒரு நிமிச வேல.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுதுல்லா, அதுக்கு பிறகு பழைய மெஷின்ல எல்லாம் 11 ஏத்த பாக்குதாங்க. டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் இருக்கான்னு 11 பாக்கற செக்க தாண்டிப் போக வழி இருக்கு, அது சரி, ஆனா கோர் 2 டுவோ மாதிரி பழைய பிராசஸர்ல 11ஓட 24எச்2ங்கற பதிப்பு பூட்டே ஆகாது, அதுக்கு வேணும்ங்கற இன்ஸ்ட்ரக்‌ஷன் அந்த சிப்புலயே கிடையாது. லோகோவ பாத்துட்டே ராத்திரி முழுக்க உக்காந்தாலும் நடக்காது, அந்த மெஷினுக்கு லேசான லினக்ஸ் போடுங்க. லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப் போய் நின்னா பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான், உபுண்டு மெனுவுல சேஃப் கிராஃபிக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அத எடுங்க.

பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ்ல, ஓவர்கிளாக், எக்ஸ்எம்பி மாதிரி வேகத்த கூட்டறது ஏதாவது ஆன்ல இருந்தா டிஃபால்டுக்கு கொண்டு வந்துட்டு போடுங்க. பிரிண்டர், டாங்கிள் எல்லாத்தயும் உருவிடுங்க. ஐப்பசி மாசம் சாயங்காலம் இடி மின்னல் நேரத்துல யுபிஎஸ் இல்லாம தொடங்காதீங்க, பாதியில கரண்டு போனா திரும்ப முதல்ல இருந்து. அஞ்சாறு வருச மெஷின்னா ஃபேன்ல அடஞ்ச தூசிய எடுத்து தெர்மல் பேஸ்ட் மாத்தினாலே சில நேரம் ஹேங் நின்னுரும்.

அந்த தம்பி போகும்போது கெட்டுப்போன ராம பாக்கெட்ல போட்டான், "ஸ்பேருக்கு இருக்கட்டும்ணே"ன்னு. நான் திரும்ப வாங்கி மார்க்கர்ல குறுக்க கோடு போட்டு குடுத்தேன். ஒரு வருசம் கழிச்சு அத எடுத்து தங்கச்சி சிஸ்டத்துல மாட்டிட்டு, விண்டோஸ் 60ல நிக்குதுன்னு மறுபடியும் போன் பண்ணுவான்.