வெட்டவெளியில் நிற்கும் கேம்பர் வேனுக்கு எந்த கவர்?

டெம்போ டிராவலரையோ அதைவிடச் சின்ன வேனையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து கேம்பர் வேன் ஆக்கிவிடுகிறோம். வருஷத்தில் நாலைந்து பயணம். மீதி நாளெல்லாம் வண்டி காலிமனையிலோ தெருவோரத்திலோ வெயிலில் காய்கிறது. சென்னையில் அந்த உயரத்துக்குக் கூரை போட்ட பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. அபார்ட்மென்ட்டின் தரைத்தள ஸ்டில்ட் பார்க்கிங்கில் நுழைத்தால் வண்டிக் கூரையில் இருக்கும் ஏசி இடிக்கும். ஆக கவர்தான் கதி.

மழை உள்ளே போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்து வாங்காதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன், பிளாஸ்டிக் பூசிய தடிமனான கவர். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் போர்த்தியே வைத்திருந்துவிட்டு டிசம்பர் கடைசியில் கதவைத் திறந்தால், ஈரத் துண்டைச் சுருட்டி மறந்துபோன வாடை. மெத்தையைப் புரட்டினால் அடியில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். இத்தனைக்கும் ஒரு சொட்டு மழை உள்ளே இறங்கவில்லை. பகல் சூட்டில் எழும்பிய ஈரம் வெளியே போக வழியில்லாமல், ராத்திரி குளிர்ந்ததும் கவரின் உள்பக்கமே வேர்த்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், கை நனைந்தது.

அதனால் கடையில் துணியை வாயோடு அழுத்தி ஊதிப் பாருங்கள். கொஞ்சம் கஷ்டப்பட்டாவது காற்று மறுபக்கம் கையில் பட வேண்டும். அப்புறம் அதே துணியைக் குழியாகப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள், அடியில் சொட்டக் கூடாது. இரண்டிலும் தேறும் துணி அபூர்வம். அதற்காகத்தான் நல்ல கவர்களில் மேல்பக்கத்துக்கு பூச்சு போட்ட பாலியஸ்டரும், பக்கவாட்டுக்கு மூச்சு விடும் பாலிப்ரொப்பிலீனும் வைத்துத் தைக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும் பொருள், எனவே புற ஊதாக் கதிருக்குப் பதப்படுத்தியதா என்று கேட்டே வாங்குங்கள். முழுக்க பாலியஸ்டர்தான் கிடைக்கிறது என்றால் இருபக்கமும் மேலே, வாய் கீழ்நோக்கிய காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும். நிறம் வெள்ளை அல்லது வெள்ளி. மலிவு நீலத் தார்பாயைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், கத்திரி வெயில் அதைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும்.

அளவு எடுப்பதில்தான் எல்லோரும் சொதப்புகிறோம். ஆர்சி புத்தகத்தையோ கம்பெனி சொல்லும் நீளத்தையோ நம்பாமல் டேப் பிடியுங்கள்: ஏசி, சோலார் பேனல், பின் ஏணி, கண்ணாடி எல்லாம் சேர்த்து. ஒரு சாண் கூடுதல் போதும். பெரிய எஸ்யூவி கவரை இழுத்து மாட்டினால் ஏசி மூலையில் கிழியும், லூசாக வாங்கினாலோ இன்னும் மோசம், ஏனென்றால் சாயங்காலக் கடல்காற்றில் துணி படபடவென்று அடிக்க அடிக்க, இடையில் மாட்டிய தூசி உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். என் வண்டியின் வலது கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போனது இப்படித்தான். அடியில் எலாஸ்டிக் மட்டும் போதாது, வண்டி வயிற்றுக்குக் கீழே போய் மாட்டும் பட்டை குறைந்தது மூன்று இருக்கட்டும். கூர்மையான மூலைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள்.

ரெடிமேட் பொருந்தவில்லையா, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு பக்கம் விசாரித்துத் தைத்துக்கொள்ளலாம். பாலியஸ்டர் நூல், இரட்டைத் தையல், கதவுப் பக்கம் ஜிப் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஜிப் இருந்தால்தான் முழுதும் கழற்றாமல் உள்ளே போய்ப் பார்ப்பீர்கள், இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் வந்துவிடும்.

போர்த்துவதற்கு முன் வண்டியைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். திருவான்மியூர், பாலவாக்கம் மாதிரி கடலோரம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், உப்பின் மேல் போர்த்தினால் துருவுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்த மாதிரி. சோலார் பேனலை மூடிவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, எனவே நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல வெயில் நாளில் கவரை எடுத்து, எல்லாக் கதவையும் திறந்து போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கவரைக் கழற்றிவிடுவது என் வழக்கம். அந்தக் காற்றில் அது கப்பல் பாய்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஊரெங்கும் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் மரத்தடியிலும் நிறுத்தமாட்டார்கள்.

கழற்றும்போது இரண்டு ஓரத்தையும் கூரை நடுவுக்கு ஏற்றி, வெளிப்பக்கத்து அழுக்கு உள்பக்கத்தில் ஒட்டாதபடி முன்னிருந்து பின்னுக்குச் சுருட்டுங்கள். முன்பக்கம் எது என்று உள்ளே மார்க்கரில் எழுதி வையுங்கள், மூன்றரை ஆள் நீளத் துணியை முன்பின் மாற்றிப் போர்த்திவிட்டுத் திரும்ப இறக்கும் வேலை ஒருமுறை பட்டாலே போதும்.